கூரைக்குக் கீழே நின்று தட்டியவளுக்கு

என் பாக்கியத்துக்கு,

தீபாவளி மழை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து லோரியைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வரும்போதே எதிர்மலையைக் காணவில்லை. தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக்குள் நுழைவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உனக்கு எழுதுகிறேன். நீ இருந்தால், "சத்தமா பேசுங்க, ஒண்ணும் வெளங்கல" என்று கத்துவாய். எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

உன்னிடம் கூரைக் கதையைச் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொல்வது? இந்தக் கூரையை என் அளவுக்குத் திட்டியவள் நீ ஒருத்திதான்.

நம் மலையில் தகரத்துக்கு ஓய்வே கிடையாது. மாசியில் பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்தால் எலும்பைத் துளைக்கும் குளிர். விரிந்து சுருங்கி டிக் டிக்கென்று சத்தம் போடும். "கூரை சோம்பல் முறிக்குது" என்பாய். அது முறிக்க முறிக்க ஆணி இளகும், சித்திரை மழைக்கு ஒழுகும், அப்புறம் பனிமூட்டத்தில் பாசி பிடிக்கும். அதனால்தான் மாசியில் பாசி சுரண்டுவோம். ஆவணியில் ஆணி பார்த்துத் தார் பூசுவோம். தீபாவளி மழைக்கு வீடு தயாராக இருக்கும்.

அது இரண்டு பேர் வேலை. நான் மேலே, நீ உள்ளே. ஓட்டை தெரிகிற இடத்தில் விளக்குமாற்றுக் கட்டையால் நீ கீழேயிருந்து தட்டுவாய். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நான் நகர்வேன். ஆணி அடித்து முடித்ததும் சுத்தியலால் மெல்ல இரண்டு தட்டு தட்டுவேன். நீயும் பதிலுக்கு இரண்டு தட்டு. முடிந்தது, இறங்கலாம் என்று அர்த்தம்.

நடுவிலே வாங்கிய திட்டைத்தான் மறக்க முடியவில்லை. "ஏங்க, அங்கிட்டு இல்ல! இங்கிட்டு வாங்க! கெழக்க தட்டுனா மேக்க போறீங்களே, லோரியும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?" லயம் முழுக்கக் கேட்கும். கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு போவார்கள். மானம் கப்பலேறும்.

பங்குனியில் நீ போய்ச் சேர்ந்தாய். சித்திரை மழையில் கூரை ஒழுகியது. எங்கே தெரியுமா? கட்டிலில் உன் பக்கம். நான் நனையவே இல்லை. உன் பக்கத்து மெத்தை நனைந்துகொண்டே இருந்தது. சொட்டுப் பிடிக்க உன் பழைய பேசினை அங்கே வைத்துவிட்டு இந்தப் பக்கம் ஒடுங்கிப் படுத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து கவிதா பிள்ளைகளோடு வந்தாள். உன் மகளாயிற்றே, விரிப்பைத் தூக்கிக் கறையைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இது என்னா? இப்படித்தான் படுக்கிறீங்களா? போதும் லா அப்பா. வேலைய விட்டுட்டு எங்ககூட வந்துருங்க." அழுதுவிட்டாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. "தீபாவளி மழைக்கு ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் வந்துடுறேன்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று நீ சொல்வது கேட்கிறது. ஆனால் நான் எப்படிப் போவேன்? நாம் குடித்தனம் வைத்த வீடு இது. நீ நட்ட சௌசௌக் கொடி இன்னும் குசினிச் சன்னல் வழியாக அடுப்புப் பக்கம் தலையை நீட்டுகிறது. ஈப்போவில் சுகமாக இருப்பேன், சந்தேகமே இல்லை. நீ அங்கே இருந்ததே இல்லையே.

ஆவணியில் ஏணியைச் சார்த்தினேன். மேலே ஏறி நின்றால் எல்லாத் தகரமும் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டு நேப்பாளத்துக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "பாக்சிக், சாயா தோலோங்" என்றார் மலாயில். மாமா, நான் உதவுகிறேன் என்று சொல்கிற நல்ல மனுஷன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். நீ நின்ற இடத்தில் இன்னொருவரை நிற்கவைத்துத் தட்டச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் உச்சி வெயிலில் கதவு சன்னலெல்லாம் சாத்திவிட்டு உள்ளே இருட்டில் நின்று பார்த்தேன். உன் தலையணைக்கு நேர் மேலே பொட்டுப்போல வெளிச்சம் தெரிந்தது. காற்றில் தகரம் நகர்ந்து, பழைய ஆணித் துளை சட்டத்தைவிட்டு ஒரு விரல் தள்ளி நின்றிருக்கிறது. உன் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கட்டில்மேல் ஏறி அந்தத் துளையில் சொருகினேன். விளக்குமாற்றைப் பிய்த்ததற்குத் திட்டாதே.

பிறகு மேலே ஏறினேன். பாசிக்கு நடுவே அந்த ஈர்க்கு தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கீழேயிருந்து இடம் காட்டுவது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். கூரைமேல் உட்கார்ந்து அழுகிற கிழவனை யாராவது பார்த்தார்களா, தெரியாது.

ஈர்க்கை எடுத்துவிட்டுத் துளையில் துணியும் தாரும் வைத்து அடைத்தேன். பிரிஞ்சாங் கடைத்தெருவில் வாங்கிவந்த ரப்பர் வாஷர் ஆணியைச் சட்டத்தின் மேலேயே அடித்தேன். கைப்பழக்கம் பாக்கியம், முடித்ததும் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். தட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதே.

இன்று மழை வந்ததும் உன் பேசினை எடுத்து உன் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கவிதா போன் போட்டாள். "அங்க மழையாம்ல? ஒழுகுதாப்பா?"

"இல்லம்மா. ஒரு சொட்டுகூட இல்ல."

 "சரிப்பா. அப்ப இருங்க. கதவ நல்லா சாத்திக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன். இனி இந்த வீட்டைவிட்டுப் போகச்சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. ஆனால் பேசின் காய்ந்து கிடக்கிறது. முன்பெல்லாம் மழை வந்தால் நம் வீட்டில் எத்தனை அமளி! பேசினை வை, துணியை எடு, மெத்தையை நகர்த்து என்று நீ என்னை நிற்க விடமாட்டாய். இப்போது எதையும் நகர்த்த வேண்டியதில்லை. உண்மையைச் சொல்கிறேன், மகளிடம் சொல்லமுடியாததை உன்னிடம் சொல்கிறேன்: போனை வைத்த பிறகு, ஒரு சொட்டு விழாதா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழவில்லை. நல்ல வேலைதான் செய்திருக்கிறேன்.

வருகிற மாசியில் பாசி சுரண்டுவேன். ஆவணியில் ஆணி பார்ப்பேன். என் முட்டி ஏணிக்கு ஒத்துழைக்கும் வரைக்கும் உன் பக்கம் நனையவிடமாட்டேன். இது சத்தியம். ஒவ்வொரு முறையும் முடித்ததும் இரண்டு தட்டு தட்டுவேன். காதை மட்டும் கொஞ்சம் தகரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கட்டிலில் இந்தப் பக்கத்திலிருந்து,
உன் வீட்டுக்காரன்
முனியாண்டி