டிராகன் கூரைக்குக் கீழே ஒரு வெள்ளிக்கிழமை

1997 மார்ச் 5, புதன்

காலையிலிருந்தே வெக்கை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் பாதி திருத்தியபடி கிடக்கிறது. தேவகோட்டையில் ஏறியது முதல் காரைக்குடி வரை பஸ்ஸில் நின்றபடி. கால் வீக்கம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா முகத்தில் சிரிப்பு. மறுபடியும் பெண் பார்க்கும் படலம். இந்த முறை வீட்டில் இல்லையாம். மலேசியாவிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் திருப்பத்தூர் சாலையில் கட்டியிருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, சிமெண்ட் டைனோசர். மாப்பிள்ளையின் சித்தப்பா அங்கே மேனேஜர். சாப்பாட்டுக் கூப்பன் இலவசம், ஆனால் வார நாளில்தான் செல்லும். அதனால் வெள்ளிக்கிழமை.

"நாகரிகமான ஆளுக. சும்மா போன இடத்துல பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

எனக்கு முப்பத்தொன்று. பஜ்ஜித் தட்டோடு நின்று அலுத்துவிட்டது. ஆனால் தங்கை ஜெசிக்கு இடம் முடிவாகிவிட்டது. அவர்கள் ஈஸ்டர் வரைதான் பொறுப்பார்களாம். மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்ய அம்மாவுக்கு மனம் வரவில்லை. நான் நகர்ந்தால்தான் அவளுக்கு வழி. சரி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

செய்ய வேண்டியவை: லீவு எழுதிக் கொடுக்க. ஊதாச் சேலைக்கு இஸ்திரி. செருப்பு வார். தாள் கட்டு.

முடிந்தது: லீவு மட்டும்.

ஜெசி தலை பின்னிவிட்டாள். "எனக்காகன்னு சரி சொல்லிறாதக்கா" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பாவம், அவளுக்கும் ஆசை இருக்காதா.

மார்ச் 8, சனி

நேற்று எழுதவில்லை. உடம்பு முடியவில்லை, மனசும்.

வெயில் ஏறும் முன்பே பஸ். அம்மா அவசரத்தில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கஞ்சியும் இல்லை. போய்ச் சேரும்போது பசி காதை அடைத்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பச்சைக் கூரை, மேலே வாயைப் பிளந்த டிராகன். சீனா, மலாயா, சயாம், காரைக்குடி எல்லாம் ஒரே தட்டில். நூடுல்ஸில் கல்பாசி வாசம். அம்மா என் காதில், "இடியாப்பத்த எண்ணெயில பெரட்டுனாப்புல இருக்குடி." அப்பா சாப்பிடும் குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மாப்பிள்ளை பெயர் சேவியர். கோவையில் மில் சூப்பர்வைசர். லேசாக நரைத்த தலை, சாந்தமான முகம். "கணக்கு டீச்சரா? எனக்குக் கணக்குன்னாலே பயங்க" என்றார். சிரித்தேன், நிஜமாகவே. பிடித்திருந்தது என்றுகூட எழுதலாம்.

குச்சியில் குத்திச் சுட்ட கோழி வந்தது. மேலே வேர்க்கடலைக் குழம்பு, ஓரத்தில் கோஸ் இலை. அவருடைய அம்மாவும் கை கழுவப் போயிருந்தார். என் அம்மா சித்தப்பாவிடம் சம்பளம் விசாரித்துக்கொண்டிருந்தாள். சேவியர் மளமளவென்று இரண்டு குச்சி தின்றுவிட்டு, "நல்லா இருக்குங்க, எடுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். எடுத்தேன். அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சேலையைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டபடியே கடித்தேன்.

"ஏம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம். உங்க வீட்டுல சுத்தபோசனம் கிடையாதா?"

திரும்பி வந்த அவருடைய அம்மா, என் வாயையே பார்த்தபடி.

கூப்பனைப் பார்த்தோம், வார நாள் பார்த்தோம். இரண்டும் வேதக்கார வீடு. கறி தொடக்கூடாத நாள் என்று கிளம்பும்வரை ஒருவருக்கும் உறைக்கவில்லை. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "மறந்துட்டேங்க" என்றேன்.

சித்தப்பா நெற்றியைத் தேய்த்தார். "தப்பு எம்மேலதான் மதினி. நாந்தான நாளக் குறிச்சேன்."

"நாளு என்ன பண்ணும்? எம்மகனுந்தான் இருக்கான். தொட்டானா பாருங்க."

சேவியரைப் பார்த்தேன். அவர் நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டெடுக்க வந்தவர் சேவியர் தட்டிலிருந்த கோஸ் இலையை நகர்த்தினார். அடியில் இரண்டு வெறும் குச்சி. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

இன்று சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனம். கறி தின்றதைச் சொன்னேன். "பசிக்குத்தானம்மா சாப்பிட்ட" என்றார் சாமியார். அந்த இரண்டு குச்சியை அவரிடம் சொல்லவில்லை. அது என் கணக்கில் வராது.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பெண் பிடித்திருக்கிறதாம். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமை விஷயத்தப் பெருசு பண்ணலியாம்டி. மன்னிச்சிட்டாகளாம்" என்றாள் அம்மா. கண்ணெல்லாம் சந்தோஷம்.

வேண்டாம் என்றேன். குச்சியைச் சொன்னேன்.

"ரெண்டு குச்சிக்காகவாடி?"

"ஆமாம்மா."

கெட்டவர் இல்லை. அம்மாவுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் தின்றதற்கெல்லாம் நான் திட்டு வாங்க வேண்டும், ஆயுசுக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள். ஜெசி என் பக்கமே வரவில்லை.

அப்பா சட்டையை மாட்டினார். "எங்குட்டுப்பா கிளம்பிட்டீக?" என்றேன்.

"ஜெசியோட மாமனார் வீட்டுக்கு. மூத்தவ இருக்கட்டும், நீங்க தேதி குறிங்கன்னு சொல்லணும்ல."

மூத்தவ இருக்கட்டும். நான் கேட்டு வாங்கியதுதான்.

மத்தியானம் கோழிக்குழம்பு. ஞாயிறு, தடையில்லை. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். எலும்பை எல்லாம் தட்டு ஓரத்தில், எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன்.