ஆயாக்கொட்டகையில் மறுபடியும் பெரட்டு

புலாவ் செபாங்,
ஞாயிறு காலை

அன்பு மகன் புவனேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே முனகத் தொடங்கிவிடுகிறது. நீயும் தேவிஸ்ரீயும் குட்டிப் பையனும் அந்த நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வாட்சாப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைப் போட்டுவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை முழுக்கப் படி.

நம் அருங்காட்சியகம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பால் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போன அந்தப் பழைய ஆயாக்கொட்டகை, ரப்பர்த் தோட்டம் விற்றுப்போன பிறகு கோயில் கமிட்டி கைக்கு வந்ததும், நாங்கள் ஐந்தாறு பேர் சம்பளமில்லாமல் கூட்டித் துடைத்து, வீடு வீடாகப் போய் ரப்பர்ப்பால் வாளி, மரத்தில் பால் பிடிக்கிற மங்கு, தோளில் வாளி தூக்குகிற காண்டாக் கம்பு என்று வாங்கி வந்து அடுக்கியதும் உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே வந்தவர்கள் எல்லாம் கோயிலுக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள்தான். கோயில் தலைவர் பரமேஸ்வரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருவிழா நாற்காலி வைக்க இடமில்லாமல் தவிக்கிறோம், ஆளே வராத கொட்டகையில் வாளிகள் எதற்கு உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டுவிட்டார். ஆண்டுக்கூட்டத்தில் முடிவு என்றும் சொல்லிவிட்டார். அவர் கேட்டது நியாயம், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, பள்ளிக்கூடங்களைக் கூப்பிடுவோம் என்று கிளம்பினோம். ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து பவானேஸ்வரி டீச்சர் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வாசலில் கூடாரம், குத்துவிளக்கு, மைக், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வந்தவர் எல்லாருக்கும் பொன்னாடை. டிரைவருக்குக்கூட ஒன்று போர்த்தினோம். உன் அப்பா கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு முடிந்து, மீ கோரெங் சாப்பிட்டுப் பிள்ளைகள் கை கழுவும்போது டிரைவர் ஹாரன் அடித்தார், அவருக்கு அடுத்த டிரிப். ஒரு பிள்ளைகூட உள்ளே கால் வைக்கவில்லை. பார்த்ததைக் கட்டுரையாக எழுதச் சொன்னபோது எல்லாரும் மீ கோரெங்கைப் பற்றி எழுதியிருந்தார்களாம், ஒருத்தி மட்டும் நிறுத்தவே நிறுத்தாத மைக் தாத்தாவைப் பற்றி. டீச்சர் போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பொன்னாடைகளைத் தேடித் தேடி வாங்கியது நான்தானே.

ஆனாலும் அந்த நல்ல மனுஷி இன்னொரு வகுப்பைக் கூட்டி வருகிறேன் என்றார். இந்த முறை மைக்கை எங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உன் அப்பா முகம் தொங்கிப் போய்விட்டது. அப்போதுதான் தோன்றியது, இவர் குரலுக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன? தோட்டத்தில் விடியுமுன் ஆள்களை வரிசையில் நிறுத்தி, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யார் எங்கே வேலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார், அதைத்தான் பெரட்டு என்போம். அதையே வைத்தோம். அப்பா தொப்பி போட்டுக்கொண்டு மண்டோராக நின்று கூப்பிடுவார், பிள்ளைகள் "வந்திருக்கேன்" என்று கத்த வேண்டும், பதில் வராத பெயருக்கு எல்லாரும் சேர்ந்து "வரல" என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு கூட்டம் தூளி கட்டப் போகும், ஒன்று மங்குகளைத் துடைக்கப் போகும், ஒன்று காண்டாவில் தண்ணீர் வாளி தூக்கப் போகும், அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். சின்னக் கொட்டகையில் நெரிசலே இல்லை. தொடாதே என்ற அட்டைகளை எல்லாம் நானே கழற்றிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து, நாற்காலிகள் எத்தனை அடுக்கலாம் என்று அளக்க டேப்போடு பரமேஸ்வரன் வந்து நிற்கிறார். உன் அப்பா அசரவில்லை, அதே குரலில் "பரமேஸ்வரன்!" என்று கூப்பிட்டார். அவருடைய அப்பாவும் இதே தோட்டத்தில் பால் வெட்டியவர்தானே, மனிதர் சட்டென்று நிமிர்ந்து "வந்திருக்கேன்" என்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு கோயில்வரை கேட்டிருக்கும். அவரைக் காண்டாக் கூட்டத்தில் போட்டோம். இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் வேட்டி முழுக்க நனைந்து, அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பஸ் போன பிறகு வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாற்காலிய வேற எங்கயாச்சும் அடுக்கிக்கலாம்க்கா. அடுத்த ஸ்கூல் எப்ப வருதுலா?" என்றார். ஆண்டுக்கூட்டத்திலும் அவரே முதலில் கை தூக்கினார். கொட்டகை நமக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அவருடைய அளக்கிற டேப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொடுக்கிற எண்ணமில்லை. இப்போது ஒரு மலாய்ப் பள்ளியின் வரலாற்றுக் கழகம் வருகிறது, செர்காமிலிருந்து மூத்தோர் குழு ஒன்றும் வேன் பிடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். அன்றைக்குப் பெரட்டு முடிகிற நேரம் உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் "புவனேஷ்!" என்று கூப்பிட்டார். டீச்சர் எங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லையே என்று குழம்பினார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உற்சாகமாக "வரல" என்றார்கள். அப்பா தொப்பியைச் சரி செய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அதற்குப் பிறகு எந்தக் குழு வந்தாலும் கடைசியில் உன் பெயரைக் கூப்பிடுகிறார். நான் தடுக்கவில்லை.

மூன்று பேரும் நோயில்லாமல், மனக்குறையில்லாமல் நிறைவாக இருக்க அம்மன் துணை நிற்பாள். குட்டிப் பையனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, ஹீட்டர் பக்கத்தில் படுக்க வைக்காதே. தீபாவளிக்கு வருகிறேன் என்றாய், ஒரு வாரம் முன்னாலேயே வா, அப்போது பள்ளிக்கூடம் இருக்கும், பெரட்டும் இருக்கும். இந்த முறை பதிலை நீயே சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
இந்திராதேவி