பெயர் சொல்லத் தெரியாதவர்

1977 ஜூன் 7, மெல்பேர்ண்

இவரைப் பார்க்க வந்த சிவனேஸ்வரி அக்காவிடம் இன்று பச்சைப் பொய் சொன்னேன். இவருக்குத் தொண்டைக் கட்டாம், அதனால்தான் பேச்சில்லையாம். பாரிசவாதம் வந்து சொற்கள் போய்விட்டன என்று சொல்ல வெட்கம். ஊரார் வீட்டுத் தடிமன் காய்ச்சலையும் புற்றுநோயாக்கிப் பரப்புகிறவள் நான்! இவரோ எதைக் கேட்டாலும் ஓம் என்று ஒத்துக்கொள்கிறார். "தொண்டை நோகுதோ தம்பி?" ஓம். "மனுசி அடிக்கிறவளோ?" ஓம். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 14

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் ஹெலன், வீட்டில் படிப்பிக்கச் சொல்லிப் படங்கள் தந்தாள். கோப்பை, கதிரை, கரண்டி. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது எனக்குத்தான். கணக்காளராக இருந்த மனிதர், கரண்டிக்கு முன்னால் விழிக்கிறார். "மரமண்டை" என்று சொல்லிவிட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அது விளங்குது. அப்ப என்னதான் விளங்கேல்லை? நானும் ஒரு மனிசியோ?

ஜூன் 19

வாயால் சொன்னால் நிற்பதில்லை. செய்து காட்டினால் நிற்கிறது. புது வோஷிங் மெசினை நான் திருகியதைப் பார்த்திருந்தவர், இன்று இடக்கையால் தானே ஓடவிட்டார். எனக்கு அது இன்னும் வசப்படவில்லை.

ஜூன் 28

பாடம் ஏறவில்லை என்கிறாள் மிஸ் ஹெலன். தன் பெயரையே மறுக்கிறாராம். "நீங்கள் கதிர்காமநாதன்தானே?" என்றால் ஒவ்வொரு முறையும் இல்லையென்று தலையாட்டுகிறாராம். எதற்கும் ஓம் போடுகிற மனிதர்! அடுத்த கிழமையும் இப்படியென்றால் பயிற்சியை நிறுத்தப் பெரிய டொக்டர் சொல்லிவிட்டாராம்.

கதிர்காமநாதன் என்னுடைய மாமனார். செத்துப் பல வருசம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று தாதி இவர் பெயரைக் கேட்டாள். கட்டினவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்த வாய் — பாஸ்போட்டை நீட்டினேன். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும் என்பது வெள்ளைக்காரிக்கு எப்படித் தெரியும்? முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டாள். இவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதைப் பிழையென்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், சரியான பெயர் எது என்று கேட்பாளே! குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் ஆயுசு குறையக்கூடாதாம், மூளையில்லாதவர் என்று பெயரெடுக்கலாமாம். தூ.

ஜூலை 4

நித்திரை இல்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இவர் பெயரைச் சொல்லிப் பழகிப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை.

ஜூலை 5

சொன்னேன். மிஸ் ஹெலனுக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, திருடியதைத் திருப்பிக் கொடுப்பவள்போல. கண்ணைத் திறந்தால் இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் முதல் தரம் கேட்கிறார். பிறகு உதட்டைக் கூட்டி, இழுத்து இழுத்து, அதில் பாதியைத் தானும் சொன்னார். மீதியைச் சொல்லாமல் சிரித்தார். பயிற்சி தொடரும், வீட்டில் தினமும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்றாள் மிஸ் ஹெலன். அதற்கென்ன, என்றேன் பெரிய வீராங்கனைபோல.

இவ்வளவும் எழுதிவிட்டேன். அந்தப் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை.