மகளைக் கொன்ற தகப்பனுக்காகப் பேசியவள்

அடியே அமலி, என் தங்கச்சி,

நீ கண்ணை மூடிய பிறகு உன் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இலக்கணத்தோடு என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன், யார் கேட்டது? எம்.ஏ. முதலாமாண்டுப் பெண்களுக்கு இப்போது நான்தான் கதை நடத்துகிறேன். உன் வழக்கத்தையும் விடவில்லை. கதையில் யாரைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறதோ, அந்த ஆளுக்காக எழுந்து நின்று பேச வேண்டும். சாதி, மதம், ஆண், பெண் என்று தொண்டை வற்றக் கத்துவதைவிட, வெறுக்கிற ஆளின் வாயால் கொஞ்ச நேரம் பேசினால் புத்தி வரும் என்பாய். நானும் நம்பினேன்.

போன வாரம் அந்தக் கதை. சாதி மாறிக் காதலித்த மகளை, அம்மாவுக்கு முடியவில்லை என்று பொய் சொல்லி வீட்டுக்கு வரவழைத்துத் தகப்பனே கொல்வானே, அதுதான். அவனுக்காகப் பேச ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மகேஸ்வரி எழுந்தாள். கோம்பை ஊர்ப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறவள். நீ பார்த்ததில்லை.

"ஒன்னய வெயில்ல எறக்காம படிக்க வச்சேன் ஆத்தா. வேதக்காரப் பயலோட நீ போயிட்டா, நாளைக்கு நான் டீக்கடையில எங்கன ஒக்காருவேன்? ஒன்னய முடிச்சுட்டு நானும் போயிருவேன். அப்பத்தான் ஊருல நம்ம பேரு நிக்கும்."

வகுப்பே கைதட்டியது. எனக்கு மட்டும் உறுத்தியது. கதையில் கிறிஸ்தவப் பையன் எவனும் கிடையாதே. மணி அடித்ததும் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் யோசிச்சுப் பேசல மேடம். எங்கப்பா முந்தாநேத்து போன்ல இப்பிடித்தான் பேசுனாக" என்றாள்.

அவள் விரும்பும் பையன் சின்னமனூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். நீ கும்பிட்ட சாமியைத்தான் கும்பிடுகிறான், நீ பிறந்த சாதிதான். உன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போன நம் சக ஆசிரியர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். யார் கூப்பிட்டாலும் என்னிடம் சொல்லாமல் விடுதியை விட்டு நகராதே என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தகப்பனார் வந்துவிட்டார். கையில் எனக்கென்று ஒரு பை நிறையத் திராட்சை. கதையில் வருகிறவனாவது முறைப்பான். இவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், அமலி.

"இவ ஆத்தாளுக்கு முடியலைங்க டீச்சர். நெஞ்சு வலின்னு படுத்துக் கெடக்கா. மகளப் பாக்கணும்னு ஒரே அழுக."

துறைத்தலைவர் "குடும்ப விஷயம், நமக்கெதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். நான் மகேஸ்வரியை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"கதையப் படிச்சேல்ல? அதே பேச்சுத்தானடி இது?"

"தெரியுது மேடம்."

"தெரிஞ்சுமா போற?"

"அம்மாவுக்கு ரெண்டு வருசமாவே நெஞ்சு வலி இருக்கு மேடம். ஒருவேள நெசமா இருந்துட்டா?"

இதற்கு நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கதையில் வரும் மகளை அன்றைக்கு வகுப்பே பைத்தியக்காரி என்று சொன்னது. அவளுக்கும் இதே கேள்விதான் இருந்திருக்குமோ? அவளை யாரும் வெறுக்கவில்லை. அதனாலேயே அவளுக்காக யாரும் எழுந்து பேசவும் இல்லை. உன் வழக்கத்தில் இந்த ஓட்டை இருந்தது உனக்குத் தெரியுமா?

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து போன் அணைந்தே கிடக்கிறது. பையனிடம் சொன்னேன், கோம்பைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்றும் சொன்னேன். போலீசில் எழுதிக் கொடுக்கப் போனால், "பெத்த அப்பன் கூடத்தானம்மா போயிருக்கு?" என்கிறார்கள். திராட்சை மேசையில் அழுகிக் கிடக்கிறது. தொடவே அருவருப்பாக இருக்கிறது.

பயமாக இருக்கிறதடி. அந்த அம்மாவுக்கு நிஜமாகவே நெஞ்சு வலியாக இருக்கட்டும் என்று உன் சாமியிடமும் என் சாமியிடமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாத ஒருத்திக்கு நோய் கேட்டு வேண்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், பார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோம்பை போகிறேன். வலி நிஜமென்றால், அந்த அம்மாவைத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து தலைமாட்டிலேயே இருப்பேன். இல்லையென்றால், மகேஸ்வரியை என் கண்ணில் காட்டுகிறவரை அந்த வீட்டு வாசலை விட்டு எழமாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
தனலட்சுமி