தூக்காத கை

அன்புள்ள அப்பாவுக்கு யுவஸ்ரீ எழுதுவது. ஓசூரில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடுங்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை, சின்ன விஷயம்தான். திங்கட்கிழமை கம்பெனியில் சூப்பர்வைசர் எங்கள் லைன் முழுவதையும் நிற்க வைத்து, "இனிமே பன்னெண்டு மணி நேர ஷிப்ட். முடியாதவங்க கை தூக்குங்க" என்றார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

நான் அஞ்சல் வழியில் படிக்கும் அரசியல் பாடத்திலும் இதே கேள்வி வருகிறது. ஒரு நாட்டில் வாய் திறக்காமல் வாழ்பவன் அதன் ஆட்சிக்குச் சம்மதித்துவிட்டான் என்கிறது ஒரு தரப்பு. மறுக்க வழியில்லாதவனின் மௌனம் எப்படிச் சம்மதமாகும் என்கிறது இன்னொரு தரப்பு. பரீட்சையில் இரண்டையும் எழுதிவிடலாம். அன்று என் கை மேலே போய்விட்டது.

"ஏம்மா, உனக்கு மட்டும் என்ன?"

"எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதுங்க சார்."

எழுதிக்கொண்டார். நாளை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் ராகி மாவு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஒருத்திக்கு மட்டும் களி கிண்டினால் கட்டி தட்டிப்போகிறது.

வேன் வந்துவிட்டது. போனில் உங்கள் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல வராது. கெலமங்கலத்தார் பெண் பார்க்க வந்தபோது நான் தலைகுனிந்து நின்றேன். "பொண்ணு பேசல, அவளுக்குச் சம்மதந்தான்" என்று தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டீர்கள். எனக்குச் சம்மதம் இல்லை அப்பா. அன்று தூக்காத கையால்தான் இதை எழுதுகிறேன்.

யுவஸ்ரீ