கொலரின் உள்ளே இருந்த பெயர்

என் எழுத்து ஏறியும் இறங்கியும் போவதைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட கொப்பிதான். இருந்தும் எழுத்துகள் கோட்டில் நிற்க மறுக்கின்றன. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் எத்தனை போட்டேன் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் பிடிக்கிறது. இத்தனை வருடம் மண்வெட்டி பிடித்து நோகாத கை, ஒரு பேனையைப் பிடித்து நோகிறது.

ஆம், எனக்கு எழுத வந்துவிட்டது, எழுபத்தைந்து வயதில். எங்கள் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஏழு மாதமாகப் போகிறேன். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்கிறேன். சவர்க்கார உறை, மருந்துப் போத்தல், மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் நெற்றியில் யாழ்ப்பாணம் என்றுதான் எழுதியிருக்கிறது என்பதை என் கண்ணாலேயே கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது வேறு எதையோ சொல்லும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் போல.

இந்த மழைக்கு என் மருமகள் ரவுண் கடையில் ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்தாள். வெங்காயத் தோல் போல மெல்லியது. முதல் நாளே கமக்கட்டில் கிழிந்தது. அதனால்தான் றங்குப்பெட்டியைத் திறந்து என் பழைய நீலக் கோட்டை எடுத்தேன். மூடியைத் தூக்கியதும் அந்த மணம் வந்தது, பிளாஸ்டிக்கும் முகப் பவுடரும் கலந்த மணம். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நாங்கள் பவுடர் தடவித்தானே மடித்து வைப்போம். விரித்தபோது முறுமுறுத்தது. அழுத்துப் பொத்தான் ஐந்தும் இன்னும் டக்கென்று பூட்டுகின்றன. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் மாட்டுத்தோல் மாதிரி.

பிறகு கொலரைத் திருப்பினேன். ஊசிப்புள்ளிகளால் ஆன நான்கு எழுத்துகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். அது என் பெயர் இல்லை. உன் பெயர்.



நாங்கள் வாங்கப் போன அன்று யாழ்ப்பாணம் பெரியகடையில் இந்த மாதிரி இரண்டு கோட்டுகள்தான் மிச்சமாக இருந்தன. ஒரே நிறம், ஒரே அளவு. அதுவரை நாங்கள் இருவரும் உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான், சைக்கிள் கரியரில் தோட்டத்தில் வெட்டிய கோவா மூட்டையைக் கட்டி, உரும்பிராயில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போனோம். நீலக் கோட்டுகளோடு போய் இறங்கிய முதல் நாள், சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஐயாமார் கச்சேரியிலை இருந்தோ வாறியள்?" என்று கேட்டார். நீ அன்று முழுக்க அரசாங்க உத்தியோகத்தர் போல நிமிர்ந்தே நடந்தாய்.

அந்தக் கோட்டுகளால் பெரிய பலன் இருந்தது என்றும் சொல்ல முடியாது. காற்றுப் போக வழியில்லை. சந்தைக்குப் போய்க் கழற்றினால் உள்ளே இருந்த சேட்டும் பிழிகிற மாதிரி இருக்கும். "வெளியிலை மழை, உள்ளுக்கை வேர்வை. நனையிறது நனையிறதுதான்" என்பாய். கோட்டின் தொப்பியில் மழை விழுகிற சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு கத்திக் கத்திக் கதைப்போம். வழியில் இருந்த சனம் நாங்கள் ஒவ்வொரு விடியலும் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்திருக்கும். இருந்தும் அந்தக் கோட்டைப் போட்டால் எனக்கு ஒரு சந்தோசம். உனக்கும்தான்.

பெயர் குத்தியது உன் யோசனை. செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவது போலக் கோட்டிலும் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறிப்போகும் என்றாய். மெழுகுதிரியில் ஊசியைச் சூடாக்கி, இரண்டு கொலரின் உட்பக்கத்திலும் புள்ளி புள்ளியாகக் குத்தினாய். நான் பக்கத்தில் இருந்து, எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு அது எறும்பு போன தடம்.

சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஈரக் கோட்டோடு உள்ளே விடமாட்டார்கள். வெளியே கட்டியிருந்த கம்பியில் தொங்கவிட்டுத்தான் போக வேண்டும். கோட்டு வாங்கிய அதே கிழமை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து நான் ஒன்றை எடுத்தேன்.

"பேரைப் பாத்து எடு மச்சான்" என்றாய்.

நான் கொலரைத் திருப்பினேன். நன்றாகப் பார்த்தேன். தலையைக்கூடச் சரித்துப் பார்த்தேன்.

"வடிவாய்ப் பாத்திட்டன். என்ரை பேர்தானே கிடக்கு" என்றேன்.

நீ எட்டிக் கொலரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "ஓம் ஓம். உன்ரைதான்" என்று சொல்லிவிட்டு மற்றதை எடுத்துப் போட்டுக்கொண்டாய். தொப்பியின் நாடாவைக் கட்டச் சற்று நேரம் எடுத்தாய். நாடா சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை என் மனைவியைத் தவிர வேறு ஒருவருக்கும் காட்டாமல் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வளைத்துச் சுழித்து ஒரு கையெழுத்துப் போடவும் பழகியிருந்தேன். உனக்கு அன்றே தெரிந்துவிட்டது என்பது இந்தக் கார்த்திகையில்தான் எனக்குத் தெரிகிறது.

நீ கொண்டுபோன கோட்டு, அதாவது என்னுடையது, இரண்டாம் மாரியிலேயே தோள் பொருத்தில் விட்டுக்கொண்டது. பிறகு சண்டையால் சாமான் வராத காலம் வந்தது. புதிது வாங்க வழியில்லை. நீ இரும்பு அறுக்கிற வாள் அலகைச் சூடாக்கி அந்த இடத்தை உருக்கி ஒட்டுவாய். ஒரு மாதம் நிற்கும், பிறகு விடும். நான் உன்னைச் சும்மா விட்டேனா? "கோட்டைப் பேணத் தெரியாதவனுக்கு என்னத்துக்குக் கோட்டு? என்ரையைப் பார், ஒரு துளி ஒழுகாது" என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்வேன். நீ ஈரத் தோளைத் துடைத்துக்கொண்டு, "உனக்கென்ன, மழைக்கே உன்னிலை பயம்" என்பாய். நாலு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஊரோடு இடம்பெயர்ந்து கைதடிப் பக்கம் நடந்த அன்றும் மழை. நீ உன் கோட்டைக் கழற்றி அரிசிப் பையின் மேல் போட்டு, ஒழுகுகிற தோளை ஒரு பக்கம் திருப்பி வைத்தாய். அன்றும் நான் அதைச் சொல்லிக் காட்டினேன். நீ நனைந்தாய். நான் நனையவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பெயரை வாசித்த பிறகு மூன்று வகுப்புக்கு நான் போகவில்லை. ஒரே யோசனை. நீ எனக்கு முன்னால் சிரிக்கவில்லை, சரி. பின்னால் சிரித்தாயா? வீட்டில் போய்ச் சொன்னாயா? என் நடிப்பு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பகிடியாக இருந்ததா? அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உன்னைக் கேட்க முடியாது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம்.

கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முற்றத்து வெள்ளத்தை வாய்க்காலுக்கு வெட்டி விட்டுக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இது அவன்ரை கோட்டு. மாறி எடுத்துப்போட்டன்" என்று நீட்டினேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கொலரைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும் அண்ணை. இஞ்சை கிடந்ததிலை உங்கடை பேரெல்லோ இருந்தது. ஏன் மாறிக் கிடக்கெண்டு நான் கேட்டனான். 'நான்தான் கேட்டு மாத்தினனான், எனக்கு அதுதான் பிடிச்சுது' எண்டவர்."

"அந்த ஒழுகிறதோ?"

"ஓம். அந்த ஒழுகிறதுதான்."

அப்போது சொன்னேன். அவன் கேட்டு மாற்றவில்லை, எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது, இப்போதுதான் பழகுகிறேன் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கோ?" என்றார். "உண்மையாவோ அண்ணை? இவ்வளவு காலமும் அவர் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே."

அவருக்கு என்னைவிட உன் மேல்தான் ஆச்சரியம். சந்தை விலையில் இருந்து அயல்வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்புவிக்கிற ஆள் நீ. கதை மாற வேண்டும் என்று நான், தேத்தண்ணிக் கடையில் நீ பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை சத்தமாக வாசிப்பதையும், அதற்காக உன்னை நாங்கள் கேலி செய்ததையும் சொன்னேன். அவர் இன்னும் குழம்பினார்.

"அவரோ? வீட்டிலை அவர் பேப்பர் வாசிச்சு நான் சத்தம் கேட்டதில்லை அண்ணை. கூப்பிட்டாலும் காது கேளாத மாதிரி இருப்பார்."

அவர் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். முற்றத்து வெள்ளம் அரைவாசிக்கு வடிந்திருந்தது.

மற்றக் கோட்டு எங்கே என்று கேட்டேன். கோழிக்கூட்டின் மேல் கிடந்து, வெயிலில் வெடித்து, எப்போதோ போய்விட்டதாம். இதையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பையை என் சைக்கிள் கைப்பிடியில் கொழுவிவிட்டார். "கொண்டுபோங்கோ. அவர் கேக்காததை நான் ஏன் கேக்கிறன்?"

அடுத்த நாளே வகுப்புக்குப் போனேன். காலையில் நிலையத்து வாசிகசாலைக்கும் போகத் தொடங்கியிருக்கிறேன். அங்கே மூலைக் கதிரையில் ஒருவர் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். சண்டிலிப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்தவர், இப்போது இங்கே மகளோடு இருக்கிறார். பேப்பரை எடுப்பார், விரிப்பார், மடிப்பார். பிறகு, "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்" என்பார். ஒவ்வொரு நாளும். அந்தக் கண்ணாடியை நானும் ஐம்பது வருடமாக வீட்டில் விட்டுவிட்டு வந்தவன்.

நான் அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கதிரை தள்ளி இருந்து, மெதுவாக, எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்க வாசிக்கிறேன். ஒரு செய்தியை முடிக்க நெடுநேரமாகும். "ஐயா, மனதுக்குள்ளை வாசிச்சால் என்ன?" என்று இளம் ஆட்கள் முணுமுணுத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். அவர் போவதில்லை. நான் ஒரு சொல்லில் இடறி நின்றால், அவரும் தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.

வகுப்பைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. அவராகக் கேட்கட்டும். கேட்டால் வருகிற கிழமை உனக்கு எழுதுவேன். கேட்காவிட்டாலும் எழுதுவேன்.