நண்டுப் பேயின் மூக்குத்தி

பசியாவரம்
விக்ருதி வருஷம், கார்த்திகை எட்டாம் நாள்

என் லோகாம்பாளுக்கு, வீட்டைக் காத்துக் கிடக்கும் உன் புருஷன் தெய்வசிகாமணி எழுதும் ஓலை. நான் சுகம். பூனையும் சுகம்; நான் வடிக்கிற சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. உன் தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிற்றா?

நம் புதுவீட்டுச் சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசி முடித்தேன். வந்தவர்களெல்லாம் “இன்னா சுவருய்யா”ன்னு கண் வைக்கிறார்கள். திருஷ்டிக்குப் பூசணிக்காயில் பூத முகம் எழுதித் தொங்கவிட்டேன். தாழக் கட்டிவிட்டேன் போல, ஆடு தின்றுவிட்டது.

அப்புறம்தான் துணிக்குச் சாயம் பதிக்கிற அச்சுக்கட்டை கொடுக்கப் பழவேற்காட்டுத் துணிக் கிடங்குக்குப் போனபோது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். வாசலிலேயே கல்லில் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. செத்தவனுக்கே அவ்வளவு காவல் என்றால் உயிரோடிருக்கிற எனக்கு வேண்டாமா? வீட்டுக்கு வந்து கரியும் செம்மண்ணும் குழைத்தேன்.

இப்போது அடுப்படிச் சுவரில் இறால் மீசை வைத்த எலும்புக்கூடு ஆடுகிறது. நாம் படுக்கிற இடத்துக்கு மேலே தொப்பி போட்ட கெளுத்தி மீன் சுங்கான் பிடித்துப் புகை விடுகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு தோணி. தோணி நிறைய ஒரே ஒரு கண். வாசலுக்கு நேரே, கொடுக்கைத் தூக்கிய நண்டு உடம்பும் பெண்முகமுமாக ஒரு பேய்.

பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். “யோவ், இது வூடா சுடுகாடா?”ன்னு கொட்டாங்கச்சியைப் போட்டுவிட்டு ஓடினாள். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் நண்டைக் கண்டு ஓடி, அச்சுக்கட்டை செதுக்கப் போனவன் நான். என்னைக் கண்டு ஒருத்தி ஓடுவது இதுதான் முதல் தடவை. பெருமையாக இருக்கிறது.

பொங்கலுக்குள் வந்துவிடு. புதுவீட்டில் முதல் பால் உன் கையால்தான் பொங்க வேண்டும்.

உன்
தெய்வசிகாமணி


ஆரம்பாக்கம்
கார்த்திகை இருபதாம் நாள்

மாமாவுக்கு, லோகாம்பாள் சொல்லச் சொல்லத் தம்பி பச்சைமுத்து எழுதுவது. நான் சொன்னதில் பாதியை எழுத மாட்டேன் என்கிறான். அந்தப் பாதி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

கருவாட்டுக்கார ராஜாத்தி இங்கே வந்திருந்தாள். “லோகு, உன் மூஞ்சியத்தான் நண்டுக்கு வச்சிருக்காரு உன் வூட்டுக்காரரு. அதே கண்ணு, அதே மொறைப்பு”ன்னாள். நானும் சிரித்தேன். தாலி கட்டிய நாள்முதல் என்னைப் பேய் என்கிறவர்தானே நீங்கள். அவள் கூடையைத் தூக்கும்போது, “ஆனா மூக்குத்தி எடப்பக்கம் கீதே”ன்னாள்.

எனக்கு மூக்குத்தி வலப்பக்கம். நம் தெருவில் இடப்பக்கம் குத்தியவள் ஒருத்திதான். அவள்தான் நெருப்பு வாங்க வருகிறவள்.

என்னை நண்டாக்கினால் பொறுப்பேன். என் வாசலுக்கு நேரே அவளை நண்டாக்கி வைத்தால் பொறுக்க மாட்டேன். சுவர் முழுக்க வெள்ளை அடித்த சேதி வராமல் நான் தோணி ஏறுவதாக இல்லை. பாலை நீங்களும் பூனையுமாகப் பொங்கிக்கொள்ளுங்கள். “இங்கயே இரும்மா” என்கிறார் நைனா.

லோகாம்பாள்


பசியாவரம்
மார்கழி மூன்றாம் நாள்

லோகு,

ஓலையைப் படித்ததும் சுண்ணாம்புச் சட்டியோடு நண்டின் முன்னால் போய் நின்றேன். அது முறைத்த முறைப்பில் கை மேலே போகவில்லை. அப்படி முறைக்க ஒருத்தியால்தான் முடியும். மூக்குத்தியைப் பார்த்தேன். இடப்பக்கம்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

துணியில் மாங்காய் வலப்பக்கம் வளைய வேண்டுமானால் கட்டையில் இடப்பக்கம் வளைத்துச் செதுக்க வேண்டும். ஆயுசெல்லாம் புரட்டியே செதுக்கின கை சுவரில் மட்டும் நேராகப் போகுமா? நம்பாவிட்டால் ராஜாத்தியிடம் கேள். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது திருக்கை வால் அடித்து உன் இடப்புருவத்தில் விழுந்த தழும்பு, சுவரில் வலப்புருவத்தில் இருக்கிறது. சாமுண்டிக்குத் தழும்பு ஏது? அவள் ஏரியில் இறங்கினால்தானே. அவள் இப்போது பயம் தெளிந்து, உறவுக்காரர்களைத் தோணி தோணியாகக் கூட்டிவந்து, ஏதோ தானே வரைந்ததுபோல் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி வருவதைப் பச்சைமுத்து மெதுவான குரலில் படிக்கட்டும். நீ போன பிறகு எதை வரைந்தாலும் உன் கண்தான் வருகிறது. எலும்புக்கூட்டுக்குக் கண்ணே கிடையாது. அதுவும் உன்னைப்போலவே பார்க்கிறது. பயமுறுத்துவதற்கு எனக்கு வேறு கண் தெரியாது. அந்தக் கண் இல்லாத வீட்டில் இருக்கவும் தெரியவில்லை.

சுண்ணாம்பு கரைத்தபடியே இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.

தெய்வசிகாமணி


ஆரம்பாக்கம்
மார்கழி பதினெட்டாம் நாள்

மாமாவுக்கு,

ராஜாத்தியைப் பிடித்து விசாரித்தேன். “ஆமா லோகு, வலப்புருவத்துல ஒரு கோடு கீது. பல்லி ஓடின தடம்னு நெனச்சேன்”னாள்.

தம்பி மெதுவான குரலில்தான் படித்தான். அவன் பெண்டாட்டி காதில் விழவில்லை என்று மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் நைனா. இப்போது கரையில் வலை உலர்த்துகிறவர்கள்கூட “எலும்புக்கூட்டுக்குக் கண்ணே கெடயாது”ன்னு என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். தலைகாட்ட முடியவில்லை. அதற்காகவும் கிளம்புகிறேன்.

போகிக்கு முதல்நாள் தோணியில் வந்துவிடுவேன். சுண்ணாம்புச் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு படமும் அழியக் கூடாது. மூக்குத்தியையும் மாற்ற வேண்டாம். இன்று காலையில் ஏரித் தண்ணீரில் குனிந்து பார்த்தேன். எனக்கும் அது அந்தப் பக்கம்தான் தெரிந்தது.

நண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு வையுங்கள். அங்கே நான் உங்களை வரையப்போகிறேன். காற்று ஊதின பேத்தை மீன் வயிறு, கையில் சட்டி, நண்டைக் கண்டு ஓடுகிற கால். கரி இங்கிருந்தே கொண்டு வருகிறேன்.

லோகாம்பாள்

இது பச்சைமுத்து தானாக எழுதுவது. மாமா, போகி வரைக்கும் காத்திருக்காமல் நீங்களே தோணியோடு வந்து அக்காவை அழைத்துப் போனால் புண்ணியம். கரித்துண்டை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் வரைந்து பழகுகிறாள். பார்த்தவுடன் நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிகிறது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது.